பன்னிரண்டுக்கு ஒன்பது

ஐப்பசியில் கொட்டும் துலா மழை விட்டு நாலாம் நாள் ஜோமோன் ஆசாரி வந்து, சூசையப்பன் வீட்டுச் சமையற்கட்டுக்குப் பின்னால் டேப்பைப் பிடித்து அளந்தான். பின்னால் என்று சொல்லும்படி அங்கே இடம் ஒன்றும் கிடையாது. கதவைத் திறந்து மூன்று எட்டு வைக்கலாம். நாலாவது எட்டு வைத்தால் கீழே சுருளியம்மாளின் ஏலச்செடிக்குள் போய்த்தான் எழுந்திருக்க வேண்டும். சக்குபள்ளத்தில் பாதி வீடுகள் இப்படித்தான் மலையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்தச் சரிவின் மேல் இரும்புக் கால் ஊன்றி, பலகை பரப்பி, ஒரு டெக் போட்டே தீரவேண்டும் என்று வினோ ஒற்றைக் காலில் நின்றாள்.

சும்மா பிடித்த பிடிவாதமில்லை. வினோ சூசையப்பனுக்கும் செபமாலையம்மாளுக்கும் ஒரே பிள்ளை. இருபத்தேழு வயது. மூன்று வருசத்துக்கு முன் ஒரு ஆவணி மழையில் ஏலக்காய் எடுக்கப் போன இடத்தில் எலிக்காய்ச்சல் பிடித்து, கோட்டயத்துப் பெரியாஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் கிடந்தாள். கிட்னி இரண்டும் நின்றுபோய், மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து, யாரும் நினைக்காத நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள். இனி ஈரக்காட்டில் இறங்கக் கூடாது, சுமை தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஏலக்காட்டில் ஈரமும் சுமையும் இல்லாத வேலை முதலாளி வேலை ஒன்றுதான். அதற்கு இவளை யாரும் கூப்பிடவில்லை.

குமுளியில் ஒரு ஹோம்ஸ்டேயில் ஒன்றரை வருசம் பெருக்கித் துடைத்தாள். வாளி தூக்கித் தூக்கி மறுபடியும் கால் வீங்கியது. ஆனால் அங்கே ஒன்றைக் கவனித்து வைத்திருந்தாள். பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார ஒரு மரத்தளம் இருக்கிற அறைக்கு ஆட்கள் அடித்துப் பிடித்து வருகிறார்கள். அங்கே உட்கார்ந்து பால் விடாத ஒரு கட்டங்காப்பி குடிக்க எழுநூறு ரூபாய் கூடக் கொடுக்கிறார்கள். இவர்கள் வீட்டிலும் ஒரு அறை காலியாகக் கிடந்தது. பள்ளத்தாக்கு இவர்களுக்கும் இருந்தது. "டெக்கப் போட்டு போட்டோ அனுப்பு. கிறிஸ்மசுக்கு ரெண்டு குடும்பம் அனுப்பி வைக்கிறேன்" என்று அந்த ஹோம்ஸ்டேக்கார அம்மாளும் சொல்லிவிட்டாள். இதுவும் இல்லையென்றால் அந்த உடம்புக்கு ஒத்துவருகிற பிழைப்பு வேறு கிடையாது என்பது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

பெண்கள் சேர்ந்து நடத்தும் சேமிப்புக் குழுவான அயல்கூட்டத்தில் செக்ரட்டரி சுருளியம்மாள்தான். அவள் முன்நின்று எழுபத்தைந்தாயிரம் லோன் வாங்கிக் கொடுத்திருந்தாள். வினோ கையில் ஒரு இருபது. ஆக மொத்தம் தொண்ணூற்றைந்து. இதற்குள் அடங்க வேண்டும்.

அளந்து முடித்துச் சமையற்கட்டில் வந்து உட்கார்ந்தான் ஜோமோன். அவித்த மரவள்ளிக் கப்பையும் காந்தாரி மிளகாய்த் துவையலும் வைத்தாள் வினோ. ஜோமோனின் அப்பன் சங்ஙனாச்சேரிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். இவன் இங்கேயே பிறந்து, தமிழ்ப் பிள்ளைகளோடு அடிபட்டு வளர்ந்தவன். தமிழ் நன்றாகவே வரும். பதற்றம் வந்தால் மட்டும் மலையாளம் முட்டிக்கொண்டு வெளியே வரும்.

"பன்னெண்டடிக்கு ஒம்பது. அதுக்கு மேல போகண்டா சேட்டா. போனா இரும்பு வெல கேறும்" என்றான் ஜோமோன்.

"நாலு பேரு உக்காந்து காப்பி குடிக்க அது போதும்" என்றாள் வினோ. காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். "சொல்லுங்க அண்ணே, எழுதுறேன்."

"காலுக்குக் குழி எடுத்துக் கான்கிரீட்டு, பதினஞ்சு. பைப்பும் வெல்டிங்கும் முப்பத்தெட்டு. ஓரத்துல பிடிக்கக் கைவரி பதினொண்ணு. ஸ்க்ரூவு, எண்ண எல்லாம் ஆறு. பின்ன ஞங்க ரெண்டு பேரு, பத்து நாளு."

"ஒரு நாளுக்கு என்னப்பா கூலி?" என்று கேட்டார் சூசையப்பன்.

"ஆயிரத்து நூறு."

"ஏப்பா, முப்பது வருசமா ஏலக்கா உலத்துற ஸ்டோர்ல நெருப்புக்கிட்ட நின்னு வேகுறேன். எனக்கு அதுல பாதி இல்ல."

"நெருப்புக்கிட்ட நிக்கலாம் சேட்டா. அந்தச் சரிவுல அந்தரத்துல நின்னு வெல்டு பண்ணிப் பாக்கணும்."

"இருவத்தி ரெண்டு" என்று எழுதி வினோ கூட்டினாள். "தொண்ணூத்தி ரெண்டு வருது. மரம்?"

"ஆஞ்சிலி போட்டா, கழிவு போக, இருவத்தாறு."

வினோவின் பேனா நின்றது. ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். கூட்டலை மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம் பார்த்தாள். இருபத்துமூன்றாயிரம் உதைத்தது.

சூசையப்பன் மட்டும் கப்பையை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார். "மரத்துக்கு எதுக்குடா காசு? தலைக்கு மேல இருக்குல்ல."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அடுப்புக்கு மேலே பரண். எஸ்டேட்டில் பழைய ஸ்டோரை இடித்தபோது சூசையப்பன் கேட்டு வாங்கிய பலாப் பலகைகள் எட்டு, வருசக்கணக்காகப் புகை குடித்துக் கறுத்துக் கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் படுதா சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு கட்டு இருந்தது. அது செபமாலையம்மாளின் சொத்து. கட்டில் செய்ய வாங்கியது என்று அவள் ஒருநாள் சொன்னாள். மூன்று வருசமாகக் கட்டில் ஏன் வரவில்லை என்று இந்த மனுசன் ஒரு தரமாவது கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. பொண்டாட்டி பரணில் ஏற்றி வைத்ததைப் பற்றிக் கேள்வி கேட்கும் ஆண்பிள்ளை எங்கள் பக்கத்தில் குறைவு.

"பொகையில கெடந்த மரம். பூச்சி அரிக்காது, வளையாது. கட்டில் எப்ப வேணா செஞ்சுக்கலாம். நீ மரத்துக்கு நேரா சைபர் போடு தாயி" என்றார் சூசையப்பன்.

"அம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுருவோம்ப்பா."

"காட்டுல இருந்து வரட்டும், சொல்லிக்கலாம். உனக்குச் செய்யுறதுக்கு அவ வேணாம்னா சொல்லுவா?"

வினோ சைபர் போட்டாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்படிச் சிரித்தவளில்லை.

மரம் தேறுமா என்று பார்த்துவிட்டால் நாளைக்கே குழி எடுக்கலாம் என்று ஜோமோன் பரணில் ஏறினான். பலாப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கீழே கொடுக்க, சூசையப்பன் வாங்கிச் சுவரில் சாய்த்தார். எட்டும் சேர்த்து அளந்தால் தளத்தில் சரிபாதி தேறியது. பிறகு அந்தக் கட்டு இறங்கியது. படுதாவின் மேல் கரியே இல்லை. சுற்றிலும் ஒட்டடை தொங்கும் பரணில் அதை மட்டும் யாரோ துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்கள்.

ஜோமோன் கயிற்றை அவிழ்த்தான். நல்ல ஆஞ்சிலி. தேன் நிறத்தில், ஒரு முடிச்சில்லாமல், சீவி வழவழவென்று இருந்தது. மேல் பலகை இரண்டையும் எடுத்துத் தரையில் வைத்தவன் அப்படியே குந்திவிட்டான். தலைப்பக்கம் குறுகி, தோள் இருக்கும் இடத்தில் அகன்று, கால்பக்கம் மறுபடி ஒடுங்கிய பலகைகள். இரண்டும் ஒரே அச்சு.

"எண்டெ ஈசோயே" என்றான். அவசரமாகப் படுதாவை இழுத்து மூடினான். "இது வேண்டா சேட்டா. இது டெக்குக்குப் பற்றில்ல. வேற மரம் வாங்காம். ஞான் வெல கொறச்சுப் பேசித் தராம்."

"ஏன் அண்ணே? நல்ல மரமாத்தான தெரியுது" என்றாள் வினோ.

"நல்ல மரந்தான். ஆனா..." ஜோமோன் சூசையப்பனைப் பார்த்தான். "சேட்டா, இது கட்டிலு இல்ல. பெட்டி. சவப்பெட்டிக்கு அறுத்த பலக."

சூசையப்பனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. காரணமிருக்கிறது. இரண்டாயிரத்துப் பதினெட்டாம் வருசத்து வெள்ளத்தில் எல்லா ரோட்டிலும் மண் சரிந்து ஊர் ஒரு வாரம் தனியாகக் கிடந்தது. அந்த வாரம் ஊர்ப் பெரியவர் ஏசுதாஸ் நெஞ்சுவலியில் செத்தார். பெட்டி வாங்கக் கட்டப்பனைக்கும் போக முடியவில்லை, குமுளிக்கும் போக முடியவில்லை. காய் உலர்த்தும் படுதாவில் அந்தப் பெரிய உடம்பைச் சுற்றி, ஏணியில் வைத்துக் கட்டி, மழையில் நனைய நனையத் தூக்கிப் போனார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு ஏறும்போது ஒரு கால் படுதாவை விட்டு வெளியே வந்து தொங்கியது. பார்த்த பெண்கள் யாரும் அதை மறக்கவில்லை. அதன் பிறகுதான் நாலைந்து வீடுகளில் வயசானவர்களுக்கென்று பலகை அறுத்துப் பரணில் போட ஆரம்பித்தார்கள். அப்படி வாங்கிய பலகையைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, விற்கக் கூடாது, அடுப்பிலும் வைக்கக் கூடாது. அது உரிய ஆளுக்குக் காத்துக் கிடக்க வேண்டும்.

"எனக்குத்தான் வாங்கிப் போட்டுருக்கா கள்ளி" என்றார் சூசையப்பன். "உசுரோட இருக்கும்போது ஒரு நல்ல சட்ட எடுத்துக் குடுத்திருக்காளா பாரு. நான் செத்தா மட்டும் ஆஞ்சிலி."

ஜோமோன் சிரிக்கவில்லை. வினோ சும்மா இருக்காமல் அவன் பையிலிருந்து டேப்பை எடுத்தாள். படுதாவை விலக்கிப் பலகையின் இந்த நுனியில் வைத்து அந்த நுனி வரை இழுத்தாள்.

"அஞ்சடி அஞ்சு இஞ்சு" என்றாள். "இதுல அப்பா எப்பிடிப் படுப்பாரு? அப்பா அஞ்சே முக்காலடில்ல? அண்ணே, பெட்டி ஆளு அளவுக்குத்தான் அறுப்பீங்களா?"

"வினோ, டேப்ப இங்க தா."

"சொல்லுங்கண்ணே."

"ஆளு நீளத்துக்கு மேல மூணு இஞ்சு விடும்" என்றான் ஜோமோன் தரையைப் பார்த்துக்கொண்டே.

செபமாலையம்மாள் குட்டை. நாலடி பத்து இஞ்சுக்கு மேல் போக மாட்டாள். அந்த வீட்டில் ஐந்தடி இரண்டு இஞ்சு உயரம் ஒரே ஒரு ஆள்தான். கணக்கு மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விடை கொடுத்தது. வினோ டேப்பை விட்டாள். அது படபடவென்று தானாகச் சுருண்டு டப்பாவுக்குள் ஓடி 'டக்'கென்று நின்றது. சூசையப்பன் வாயில் இருந்த கப்பையை மெல்லவுமில்லை, முழுங்கவுமில்லை.

செபமாலையம்மாள் காட்டிலிருந்து வர நாலரை மணி ஆனது. இடுப்பில் கட்டிய சாக்கும் தலையில் முக்காடுமாக, ஏலக்காய் வாசனையோடு பின்வாசல் வழியாக ஏறி வந்தாள். உள்ளே கால் வைத்ததும் தரையில் கிடந்ததைப் பார்த்தாள். கையிலிருந்த தூக்குச்சட்டி கீழே விழவில்லை. அதை மெதுவாகத் திண்டின் மேல் வைத்தாள்.

"யாரு எறக்குனது?" என்றாள்.

ஜோமோன் மறுபடி படுதாவை இழுத்து மூடினான்.

"கேக்குறேன்ல. யாரக் கேட்டு எறக்குனீக?"

"இது யாருக்கும்மா அறுத்தது?" என்றாள் வினோ.

"கட்டிலுக்கு."

"அம்மா."

செபமாலையம்மாள் முக்காட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நீ கோட்டயத்துல கெடந்தப்ப" என்றாள் கடைசியில். "ஒம்பதாம் நாளு. மூத்திரம் வரல, கண்ணெல்லாம் மஞ்சளா, என்னையே யாருன்னு கேட்ட. ஒரு நர்சு வந்து, வீட்டுல சொல்லி வச்சுக்குங்க சேச்சின்னுச்சு. துணி எடுக்கணும், பணம் பொரட்டணும்னு நான் பஸ் ஏறி வந்தேன். இங்க வந்தா மழ பிச்சு ஊத்துது. அணைக்கரை வளைவுல மண்ணு எறங்க ஆரம்பிச்சிருச்சு. எனக்கு ஏசுதாசு காலுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு வினோ. எம் புள்ளயையும் படுதால சுத்திருவாகன்னு..."

"அதுக்கு?"

"மரமில்லுக்குப் போனேன். ஆளு எவ்வளவு நீளம்னு கேட்டான். எனக்கு அடிக் கணக்குத் தெரியுமா? சுவத்துல ஒட்டி நின்னு, என் உச்சந்தலைக்கு மேல நாலு விரக்கட வச்சுக் காமிச்சேன். எம் மக இம்புட்டு ஒசரம்னேன்."

ஜோமோன் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டான். அடுத்த வீட்டு விஷயத்தைக் கேட்கக் கூடாதென்று நினைத்திருப்பான். ஆனால் கதவுதான் திறந்து கிடந்தது.

சூசையப்பன் அப்போதுதான் வாய் திறந்தார். "எவ்வளவு குடுத்த?"

"அது எதுக்கு இப்ப?"

"எவ்வளவு குடுத்த செபமால?"

"ஒம்பதாயிரம்."

"அன்னைக்குச் சாயந்திரம் நான் போன் போட்டேன். வெளிய இருந்து ஒரு ஊசி வாங்கணும், எட்டாயிரத்து ஐநூறு, எப்பிடியாவது அனுப்புன்னு சொன்னேன். கையில ஒத்தப் பைசா இல்லன்னு சொன்ன."

செபமாலையம்மாள் தலையை ஆட்டினாள்.

"மோதிரம் ஆஸ்பத்திரி பாத்ரூமுல தொலஞ்சிருச்சுன்னு சொன்னேன்ல?" என்றார் சூசையப்பன். "தொலையல. நம்ம கல்யாண மோதிரத்த வித்துத்தான் அந்த ஊசிய வாங்குனேன். அது போட்ட மறுநாள்தான் மூத்திரம் வந்துச்சு. மூணு வருசமா நீ என்னத் துப்புக்கெட்டவன்னு திட்டுன. நானும் வாங்கிக்கிட்டேன்." அவர் தரையில் கிடந்த பலகையைக் கையால் தட்டினார். "நான் ஊசிக்கு அலையுற நேரத்துல நீ பெட்டிக்குப் பலக பாத்துக்கிட்டு இருந்திருக்க."

அந்தச் சமையற்கட்டில் யாரும் யாரையும் பார்க்க முடியவில்லை. அம்மா செய்தது வினோவுக்குத் திகைப்பு. மோதிரத்தின் கதை அம்மாவுக்குத் திகைப்பு. செபமாலையம்மாள் அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தாள்.

"பொழைக்க மாட்டன்னு சொன்னாகளே" என்றாள். "செத்துருவன்னு சொன்னாகளே. ஊசிக்கும் காசக் குடுத்துட்டு உன்னையும் குடுத்துட்டு, வெறுங்கையோட நிப்பமேன்னு நெனச்சேன். ஒண்ணாவது உனக்குச் சரியா செய்யணும்னு நெனச்சேன்டி."

"நான் பொழச்சு வந்தப்ப இத என்ன செஞ்ச?"

"என்ன செய்ய? விக்கக் கூடாதுல்ல. மேல ஏத்திக் கட்டுனேன். வாராவாரம் தொடச்சேன். தொடைக்கும்போதெல்லாம் சேசுவே, இது இங்கனயே கெடக்கட்டும்னு செபம் சொல்லுவேன்."

வினோ காலண்டர் தாளை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு வெளியே போனாள்.

எட்டு நாள் அவள் அம்மாவோடு பேசவில்லை. சோறு வைத்தால் தின்றாள். வைக்காவிட்டால் தானே போட்டுக்கொண்டாள். ஜோமோன் குழி எடுத்து, கால் நிறுத்தி, இரும்புச் சட்டம் அடித்தான். அவள் குமுளி, கட்டப்பனை, அணைக்கரை என்று மரக்கடை மரக்கடையாக ஏறி இறங்கினாள். பாதித் தளத்துக்கு மட்டும் ஆஞ்சிலி பதிமூன்றாயிரம் கேட்டார்கள். பத்தாயிரத்துக்குக் குறைந்து ஒருவரும் பேசவில்லை. மிச்சம் இருந்ததோ மூன்றாயிரம். சுருளியம்மாளிடம் இன்னொரு லோன் கேட்கலாம் என்றார் சூசையப்பன். இருக்கிற லோனுக்கே தவணை கட்ட ஆள் வர வேண்டும், ஆள் வர டெக் வேண்டும் என்று வினோ சொல்லிவிட்டாள். ஜோமோனுக்கு டிசம்பர் முதல் தேதி வேறு வேலை இருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் அவளே போய்ப் படுதாவை அவிழ்த்தாள்.

"இதப் போடுங்கண்ணே" என்றாள்.

"வினோ, வேண்டா. பெட்டிப் பலகயில ஆளு நடக்குமோ?"

"வர்றவங்களுக்கு என்ன தெரியும்?"

"அவங்களுக்கு வேண்டா. நிங்களுக்கு?"

"எனக்குன்னு அறுத்தது. எனக்கு வேணுங்கிற மாதிரிதான் போடுவேன். கோணலெல்லாம் சீவி நேராக்குங்க. கதவத் தொறந்தா மொதல்ல அதுதான் இருக்கணும்."

ஜோமோன் சிலுவை போட்டுக்கொண்டு மிஷினை எடுத்தான். தோள் அகலமும் கால் ஒடுக்கமும் சீவலாகப் பறந்து பள்ளத்தில் விழுந்தன. மதியத்துக்குள் அவை வெறும் பலகைகளாகிவிட்டன. வாசல் பக்கம் ஆஞ்சிலி, அதைத் தாண்டிப் பள்ளத்தாக்குப் பக்கம் பலா என்று பரப்பி, ஸ்க்ரூ முடுக்கினான். மூன்று மணிக்குப் பன்னிரண்டுக்கு ஒன்பது முழுசாக அந்தரத்தில் நின்றது. எதிரே தமிழ்நாட்டு மலை வரைக்கும் வெயிலும் பச்சையும். கைவரி ஒன்றுதான் பாக்கி.

அன்று செபமாலையம்மாள் வேலைக்குப் போகவில்லை. சமையற்கட்டுக்குள்ளேயே நின்றிருந்தாள். ஜோமோனுக்குக் காப்பி கொண்டுவந்தவள் நிலைப்படியோடு நின்றுவிட்டாள். தளத்தின் நடுவில் வினோ நின்றாள்.

"கொண்டா, இங்க வா" என்றாள் வினோ. எட்டு நாளுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு.

"நீயே வந்து வாங்கிக்க."

"வாம்மா."

"நான் அது மேல மிதிக்க மாட்டேன் வினோ. என்னால முடியாது."

"இது மேலதான நான் நிக்கிறேன்? வா."

செபமாலையம்மாள் குனிந்து செருப்பைக் கழற்றப் போனாள்.

"செருப்போட வா. இது கோயிலு இல்ல" என்றாள் வினோ. சொன்ன குரலில் இரக்கமே இல்லை.

அவள் செருப்போடு ஒரு காலை வைத்தாள். பிறகு மற்றதை. இரண்டாவது பலகையைத் தாண்டவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையாலும் மார்பில் அறைந்துகொண்டு குரலெடுத்தாள்.

"எம் மகளே... நானே அளவு சொன்னேனே... எந் தங்கத்துக்கு நானே அளவு சொன்னேனே... மஞ்சக் கண்ணோட நீ கெடக்க, மரம் பாத்து வந்தேனே... உன் அப்பன் மோதிரம் விக்க, நான் உன்ன வித்தேனே..."

சாவு வீட்டு அழுகை அது. மூன்று வருசத்துக்கு முன் அழத் தயாராகி, அழ வேண்டிய அவசியம் வராமல் உள்ளே தங்கிப்போனது. ஜோமோன் கையில் ஸ்க்ரூ மிஷினோடு மூலையில் ஒட்டி நின்றான். சூசையப்பன் சமையற்கட்டிலிருந்து ஓடி வந்தவர் வாசலிலேயே நின்றார்.

அந்த மலையில் ஒரு குரல் எழுந்தால் நாலு மடக்குக்குக் கேட்கும். கீழே காய் எடுத்துக்கொண்டிருந்த சுருளியம்மாள் கூடையைப் போட்டுவிட்டு, விழுந்தடித்துப் பக்கவாட்டுப் படி ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது.

"ஏத்தா, யாரு போனது? யாரு போனது?"

"யாரும் போகல அத்த" என்றாள் வினோ.

சுருளியம்மாளுக்கு அது காதில் ஏறவில்லை. அழுகிறவளைப் பார்த்த பிறகு காரணம் கேட்டுக்கொண்டு நிற்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வழக்கமில்லை. பலகையில் உட்கார்ந்து செபமாலையம்மாளின் தோளில் கை போட்டு, தலையோடு தலை முட்டி, அவளும் எடுத்தாள். "எந்தாயி... உனக்கா இந்தக் கதி... ராசாத்தி வினோ பேரச் சொல்லி நீ ஏன்டி அழுகுற... ஒத்தப் புள்ள பெத்தவளே..."

இரண்டு பேரும் ஆடி ஆடி அழுதார்கள். பலகை கொஞ்சம்கூட அசையவில்லை. தன் பெயரைச் சொல்லி அழுத அழுகையை வினோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கடைசி வரைக்கும் நின்று கேட்டாள். பிறகு எல்லோருக்கும் கட்டங்காப்பி போட உள்ளே போனாள்.